படிக்க வந்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா யார் பார்ப்பாங்க?

நண்பர்களே, ஊரைவிட்டு வெளியே விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி.

ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் யாரிடம் சொன்னீர்கள்?

பெரும்பாலும் பக்கத்து அறை நண்பனிடம். அவன் பையில் கிடந்த ஒரு பாராசிட்டமாலை எடுத்துக் கொடுத்திருப்பான். மறுநாள் காலையில் மெடிக்கல் ஷாப். அம்மாவுக்குப் போன் பண்ணும்போது மட்டும் "நல்லா இருக்கேம்மா". சரிதானே?

இந்தக் கேள்வி ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நம்ம ஆட்களிடம் இருந்திருக்கிறது. அதற்கு அவர்கள் சொன்ன பதில் ஒரு கோவில் சுவரில், சம்பளக் கணக்கோடு இன்னும் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம்ம தஞ்சாவூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை. தன் அப்பா சுந்தர சோழன் பெயரில் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையை நடத்த அவர் நிலம் விட்டிருக்கிறார். ராஜேந்திர சோழனின் ஆரம்ப வருடங்களைச் சேர்ந்த கல்வெட்டில் அந்த விவரம் வருகிறது. மருத்துவமனையின் பெயர் "சுந்தர சோழ விண்ணகர ஆதுலர் சாலை".

ஆதுலர் என்றால் நோயாளி. ஆதுலர் சாலை என்றால் நோயாளிகள் தங்கும் இடம். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். நாம் மருத்துவமனை என்று சொல்லும்போது மருத்துவத்தின் பெயரில் கட்டடத்தை அழைக்கிறோம். அவர்கள் நோயாளியின் பெயரில் அழைத்திருக்கிறார்கள்.

அந்த மருத்துவருக்குக் கொடுத்த நிலத்துக்கு மருத்துவக்காணி என்று பெயர். வாங்குபவர் ரசீது பார்த்து மாதாமாதம் கொடுக்கும் சம்பளம் கிடையாது, வயல். வயல் விளைந்தால் வைத்தியர் சாப்பிடுவார், வைத்தியர் சாப்பிட்டால் நோயாளி பிழைப்பான். டெல்டாவில் எல்லாமே கடைசியில் நெல்லில்தான் வந்து நிற்கும்.

சரி, தஞ்சாவூர் ஆதுலர் சாலை ஊருக்கானது. மாணவர்களுக்கென்று தனியாக?

அதற்கு நாம் காவிரியை விட்டு வடக்கே பாலாற்றுக்குப் போக வேண்டும். ஊர் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத் பக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி என்று மூன்று ஆறு கூடுகிற இடம், அதனால்தான் அந்தப் பெயர். ஆண்டது நம்ம சோழர்கள்தான். ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன், 1063 முதல் 1070 வரை இருந்தவன். அவன் காலத்தில் அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில் ஒரு நீளமான கல்வெட்டை வெட்டினார்கள். எபிகிராபியா இண்டிகாவில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் பதிப்பித்திருக்கிறார்.

அந்தக் கோவிலில் ஒரு கல்லூரி. அதோடு ஒரு விடுதி. அதோடு ஒரு மருத்துவமனை.

ரிக்வேதம் படிக்க 10 பேர், யஜுர்வேதம் படிக்க 10 பேர், இலக்கணம் படிக்க 20 பேர், இப்படி எல்லாம் சேர்த்துச் சுமார் 60 பேர். சாப்பாடு கோவில் செலவு. படுக்கப் பாய் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி விளக்குக்கு எண்ணெய். அப்புறம் சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய்.

அந்த சனிக்கிழமை எண்ணெயைப் படித்தபோது சிரித்துவிட்டேன். விடுதிப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி என்ன? சொறி, சிரங்கு, பேன். ஒருத்தனுக்கு வந்தால் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் வரும். எண்ணெய் தேய்த்தால் சிரங்கு போய்விடும் என்று சொல்ல வரவில்லை. சிரங்குக்கு பெர்மெத்ரின் வேண்டும், கூடத் தங்கியிருக்கிற எல்லாரும் ஒரே ராத்திரியில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. வாரத்தில் ஒருநாள் எல்லாப் பிள்ளையும் உடம்பைத் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்பதை ஒரு நிர்வாகம் பட்ஜெட்டில் சேர்த்திருக்கிறது. "குளிச்சா குளி, குளிக்காட்டிப் போ" என்று விடவில்லை.

இப்போது மருத்துவமனைக்கு வருவோம். பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. படுக்கை 15. அந்தக் கல்லூரி மாணவர்களுக்கும் கோவிலில் வேலை பார்க்கிறவர்களுக்கும்.

சுமார் 60 மாணவர், அவர்களோடு ஆசிரியர்கள், கோவில் பணியாட்கள். இத்தனை பேருக்கு 15 படுக்கை என்பது தாராளம். சீசன் காய்ச்சல் ஒன்று விடுதிக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த யாரோதான் அந்த எண்ணிக்கையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

வேலைக்கு யார் யார், வருடத்துக்கு எவ்வளவு என்று அப்படியே இருக்கிறது.

மருத்துவர் ஒருவர். கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன் என்று பெயரே இருக்கிறது. 90 கலம் நெல், 8 காசு. இது போக நிலம்.

சல்லியக்கிரியை பண்ணுகிறவர் ஒருவர். அதாவது சர்ஜன். 30 கலம் நெல்.

மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர். இருவருக்கும் சேர்த்து 60 கலம், 2 காசு.

மருந்து பக்குவம் செய்து நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். இருவருக்கும் சேர்த்து 30 கலம், 1 காசு.

நாவிதர் ஒருவர், 15 கலம். தண்ணீர் கொண்டுவருகிறவர் ஒருவர், 15 கலம்.

உள்ளே படுத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு நாழி அரிசி. ராத்திரி எரிய விளக்கு.

டெல்டாக்காரர்களுக்குக் கலம் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 12 மரக்கால் ஒரு கலம். நம்ம பக்கம் இரண்டு கலம் ஒரு மூட்டை. சோழர் காலத்து மரக்காலும் நம்ம தாத்தா காலத்து மரக்காலும் ஒன்றல்ல, அதனால் கிலோவில் மாற்றிப் பார்க்காதீர்கள். ஆனால் ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதுதான் சுவாரசியம்.

மருத்துவருக்கு ஒரு நாளைக்கு மூன்று மரக்கால். சர்ஜனுக்கு ஒரு மரக்கால். அதாவது மூன்றில் ஒரு பங்கு! சர்ஜரி நண்பர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், கல்லில் இருப்பதைச் சொல்கிறேன். மூலிகை பறிக்கிறவருக்கும் அதே ஒரு மரக்கால், கூடவே தலைக்கு ஒரு காசு. அவர் சர்ஜனைவிட ஒரு காசு அதிகம் வாங்கியிருக்கிறார்!

அந்த இரண்டு பெண்களுக்கு? தலைக்கு நாள் ஒன்றுக்கு அரை மரக்கால். மருத்துவர் வாங்கியதில் ஆறில் ஒரு பங்கு. ராத்திரி முழுக்க விழித்திருந்து நோயாளியைப் பார்க்கிறவருக்குக் குறைந்த சம்பளம் என்ற வழக்கத்துக்கு இவ்வளவு வயசாகிறது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் செவிலியச் சகோதரிகள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது மருந்து. ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் என்று ஏறத்தாழ 20 பெயர்கள். எனக்கு இந்தப் பட்டியல்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏனென்றால் ஒரு கிளினிக்கின் மருந்து அலமாரியைப் பார்த்தால் அங்கே என்ன நோய் வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கடுக்காய் சேர்ந்தவை மட்டும் நான்கு. வாசாஹரீதகி: ஆடாதொடையும் கடுக்காயும், இருமலுக்கு. தசமூலஹரீதகி, கோமூத்திரஹரீதகி, பல்லாதகஹரீதகி மற்ற மூன்று. பல்லாதகம் என்றால் சேங்கொட்டை. (தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டில் சேங்கொட்டையைக் காய்ச்சாதீர்கள். தோல் வெந்துபோய் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

பில்வாதி கிருதம்: வில்வம் சேர்ந்த நெய், வயிற்றுப் போக்குக்கு. பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த ஒரு தைலம். பெயரிலேயே காது இருக்கிற உத்தம கர்ணாதி தைலம். பெயரிலேயே நல்ல கண் இருக்கிற சுநேத்திரி. கல்யாண லவணம் என்று ஓர் உப்பு. வருடக்கணக்கில் பழக வைத்த பசுநெய்.

இன்னொன்றின் பெயரை மண்டூரம் சேர்ந்த மாத்திரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மண்டூரம் என்பது இரும்பின் கிட்டம், துரு. பாண்டு நோய்க்கு, அதாவது சோகைக்குக் கொடுப்பது. இன்றைக்கு நம்ம பள்ளிக்கூடங்களில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்களே, இரும்பும் ஃபோலிக் ஆசிடும்? அதே நோய், அதே உலோகம்.

இருமல், வயிற்றுப்போக்கு, காது, கண், சோகை, வீக்கம். ஒரு கல்லூரி கிளினிக்கில் நாளைக்குக் காலையில் ஓ.பி. போட்டால் வருகிற கூட்டமும் ஏறத்தாழ இதுதான். அந்த மருந்துகள் வேலை செய்தனவா என்பது வேறு கேள்வி. சில செய்திருக்கும், சில செய்திருக்காது, ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் டைபாய்டுக்கு அவர்களால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. எந்தப் பிள்ளைக்கு எந்த வியாதி வரும் என்று யோசித்து, வருவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்தார்களே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம். "உலகின் முதல் பல்கலைக்கழக மருத்துவமனை தமிழனுடையது" என்று இதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள்.

இலங்கையில் மிகிந்தலை என்ற மலையில் புத்த பிக்குகளுக்கென்று ஒரு மருத்துவமனை திருமுக்கூடலுக்கு முன்னாலேயே இருந்தது. நோயாளியைப் படுக்க வைத்து மருந்தில் ஊறவைக்கும் கல்தொட்டி இன்னும் அங்கே கிடக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் வெட்டிவைத்த கல்வெட்டில் வைத்தியருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆக இது நாம் மட்டும் கண்டுபிடித்தது இல்லை. பிள்ளைகளையோ துறவிகளையோ ஒரே இடத்தில் தங்கவைத்துச் சோறு போட்டவர்கள் பல ஊர்களில் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி மாணவர் நலத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக 1861இல், ஆமர்ஸ்ட் கல்லூரியில் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவரை நியமித்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவ்வளவுதான் ஒப்பீடு. பெருமை போதும்.

பெருமையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த 15 படுக்கையில் யார் படுக்கலாம்?

வேதமும் இலக்கணமும் படித்த பிராமணப் பையன்கள். பிறகு கோவில் பணியாட்கள். இந்தச் செலவுக்கான வருமானம் வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வந்தது. அந்த ஊரில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவளுக்குக் காய்ச்சல் வந்தால்? அவள் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்தால்? கல்வெட்டு அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்தியருக்குப் போன 90 கலமும் அவர்கள் விளைவித்த நெல்தான்.

பெண் பிள்ளைகள் அந்தக் கல்லூரியிலேயே இல்லை.

இதைச் சொல்லாமல் வீரசோழன் ஆதுலர் சாலையைப் பற்றி எழுதுவது பாதி வரலாறு. நன்றாக நடத்தப்பட்ட ஒரு மருத்துவமனை, ஆனால் வாசலில் பெயர்ப் பட்டியல் இருந்த மருத்துவமனை.

இப்போது டெல்டாவுக்குத் திரும்பலாம்.

விக்கிரம சோழன் காலத்தில், 1121 வாக்கில், மயிலாடுதுறைப் பக்கம் திருவாவடுதுறையில் ஒரு மடம். அங்கே படிக்கிறவர்களுக்குச் சோறு போட அறக்கட்டளை. என்ன படித்தார்கள் தெரியுமா? சரக சம்ஹிதை, அஷ்டாங்க ஹிருதயம், கூடவே ரூபாவதாரம் என்ற இலக்கண நூல். முதல் இரண்டும் மருத்துவ நூல்கள். ஆக காவிரிக் கரையில் அப்போதே இலவசச் சாப்பாட்டோடு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ்! தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வருவதற்கு எட்டு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.

அங்கிருந்து ஒரே தாவலாக 1801. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி.

1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு வருடமே கம்பெனிக்காரன் ஒப்பந்தம் போட்டு நாட்டை எடுத்துக்கொண்டான். கோட்டையும் கொஞ்சம் சுற்றுப்புறமும்தான் மிச்சம். கையில் ராஜ்யம் இல்லாத அந்த மனிதர், ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ராமேஸ்வரம் போகிற வழியில் தன் முன்னோர்கள் கட்டிய சத்திரங்களைப் பற்றி. அங்கே என்னவெல்லாம் நடக்கிறது, ஏன் அதைக் கைவிடக் கூடாது என்று விளக்குகிறார்.

அதில் அவர் சொல்லும் விஷயங்கள்: சத்திரத்தில் வேதம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வாத்தியார், நோய், வீக்கம், விஷக்கடி இவற்றைக் குணப்படுத்தத் தெரிந்த ஒரு வைத்தியர். வழிப்போக்கர் நோயில் விழுந்தால் குணமாகிற வரைக்கும் மருந்தும் பத்தியச் சாப்பாடும். ஏழைக் கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்ப்பது.

அனாதைப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அப்படி வந்து சேர்கிற பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விடுகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு. நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். தேவைப்பட்டால் மருந்து. துணிமணி. எந்தப் படிப்பில் ஆசையோ அதைப் படிக்க வைக்கிறார்கள். படித்து முடித்ததும் கல்யாணச் செலவும் சத்திரத்தினுடையது.

பார்த்தீர்களா? எண்ணெய் மறுபடியும் வந்துவிட்டது! 700 வருடம் கழித்து, வேறு மொழி பேசும் அரச குடும்பம், வேறு ஊர், அதே பட்டியல். பாய், சோறு, விளக்கு, எண்ணெய், வைத்தியர். விஷக்கடி வைத்தியரைச் சேர்த்தது அசல் டெல்டா அறிவு. வரப்பில் நடக்கிற பிள்ளைக்கு அதுதான் முதல் தேவை.

சரபோஜியின் மருத்துவ ஆர்வம் தனிக் கட்டுரைக்கான விஷயம். தன்வந்திரி மகால், சரபேந்திர வைத்திய முறைகள், சரசுவதி மகாலில் இருக்கிற கண் நோயாளிகளின் படம் போட்ட கேஸ் ஷீட்டுகள் எல்லாம் இன்னொரு நாளைக்கு.

ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் அவர் கட்டியது. சத்திரங்களின் சொத்து பிற்பாடு மாவட்டக் கழகத்தின் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இலவச விடுதி நடந்தது. 1920களில் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம், நீதிக்கட்சிக்காரர், அந்த விடுதிகளில் பிராமணப் பிள்ளைகள் மட்டும்தான் சாப்பிட்டுத் தங்குகிறார்கள் என்று பார்த்தார். மற்ற சாதி மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். திருவையாற்றுக் கல்லூரியில் சமஸ்கிருதத்தோடு தமிழும் படிக்கலாம் என்று ஆக்கியதும் அவர்தான்.

அந்தப் பெயர்ப் பட்டியல் அன்றைக்குத்தான் கிழிய ஆரம்பித்தது. அதைச் செய்தது ஒரு நிர்வாக உத்தரவு. கட்டடம் அதேதான், அடுப்பும் அதேதான், அரிசியும் அதே வயலிலிருந்து வந்த அரிசிதான். வரிசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் மாறினார்கள். பன்னீர்செல்வம் 1940இல் லண்டனுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். டெல்டாவில் அவர் திறந்துவிட்ட கதவு வழியாகப் படித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

சரி டாக்டர், இன்றைக்கு நிலவரம் என்ன?

1946இல் போர் கமிட்டி அறிக்கை, 1952லிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள். பணம் கேட்காத, சாதி கேட்காத, எந்தக் கல்லூரி என்றும் கேட்காத இடம் அது. வயலைக்காவூர்க்காரிக்குக் கிடைக்காதது அவள் வாரிசுக்கு இன்று கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2013லிருந்து ஆர்.பி.எஸ்.கே. திட்டம், மருத்துவக் குழு வேனில் பள்ளிக்கே வந்து கண், காது, பல், இதயம், ரத்தசோகை எல்லாம் பார்க்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். அந்தத் திட்டம் 18 வயசோடு முடிகிறது.

பிளஸ் டூ முடித்த பிள்ளை ஜூன், ஜூலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ விடுதிக்கு வருகிறது. முதல்முறையாக அம்மா பக்கத்தில் இல்லை. அதே மாதத்தில் பள்ளி மருத்துவக் குழுவும் இல்லை. அப்புறம் அந்தக் கல்லூரிக்கு மனசு இருந்தால்தான் உண்டு. சில பல்கலைக்கழகங்களில் நல்ல சுகாதார மையம் இருக்கிறது, மருத்துவர் தினமும் வருகிறார். சில இடங்களில் பூட்டிய அறைக்கு வெளியே சிவப்புக் கூட்டல் குறி மட்டும் இருக்கிறது.

என்னிடம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிற விடுதிக் காய்ச்சல்களில் பாதி நாலாவது, ஐந்தாவது நாள்தான் வந்து சேர்கின்றன. டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். ஸ்க்ரப் டைபஸ் என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் சுலபமாகச் சரியாகும், தாமதித்தால் ஐசியு. "ஏம்ப்பா முன்னாடியே வரலை?" என்றால் பதில் எப்போதும் ஒன்றுதான். "யாருகிட்ட சொல்றதுன்னு தெரியலை சார்."

பெண் பிள்ளைகள் இன்னும் தாமதம். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அதனால் ரத்தசோகை, அதனால் வகுப்பில் தூக்கம். வார்டன் சோம்பேறி என்று திட்டியிருப்பார். ஹீமோகுளோபின் பார்த்தால் ஏழு.

பெற்றோர்களுக்கு: கல்லூரியில் சேர்க்கும்போது கட்டடத்தையும் ஏ.சி.யையும் பார்த்துவிட்டு வராதீர்கள். விடுதி வார்டனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மருத்துவர் எந்த நேரம் வருவார்? ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் யார் வண்டியில் கூட்டிப்போவார்கள்? காய்ச்சல் பிள்ளையைத் தனியாகப் படுக்கவைக்க இடம் இருக்கிறதா? பதில் சொல்லத் தடுமாறினால், கட்டணத்தைக் கட்டும் முன் யோசியுங்கள்.

மாணவர்களுக்கு: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று இந்த வாரமே பார்த்துவையுங்கள், உங்கள் சொந்த ஊர் எதுவாக இருந்தாலும் அங்கே பார்ப்பார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. ஆம்புலன்ஸ் 108. மனசு சரியில்லை என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் என்றால் நண்பன் பையில் இருக்கிற மாத்திரை போதாது.

கல்வெட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழையசீவரத்தில் இறங்குங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடல். நடு மத்தியானம் போகாதீர்கள், வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ சாய்வெயிலில் போனால் ஓரளவு படிக்கலாம். விரலால் தேய்க்க வேண்டாம், கல் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது.